தலைக்காயத்துக்குப் பின் தள்ளாட்டம்: நாக்குத் தூண்டல் கருவி மட்டும் போதுமா?

கேள்வி
தலையில் அடிபட்டு ஒரு வருடம் தாண்டியவர். கண் திறந்து தரையில் நிற்கிறார். ஃபோம் (மெத்தென்ற பஞ்சுப் பலகை) மேல் கண்ணை மூடினால் உடனே சாய்கிறார். வீட்டார் நாக்கில் லேசான மின்தூண்டல் தரும் 'பான்ஸ்' கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். பயிற்சியோடு எப்படிச் சேர்ப்பது?

பதில் 1
வாயில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நாக்கின் முன்பகுதியில் உள்ள முப்பெருநரம்பு, முகநரம்புக் கிளைகள் வழியாகத் தூண்டல் மூளைத்தண்டை எட்டுகிறது. அதே நேரத்தில் பயிற்சியும் நடக்கவேண்டும் என்பதுதான் கருத்து. ஆய்வில் 2 வாரம் மையத்தில், 12 வாரம் வீட்டில். ஒரு அமர்வு 20 நிமிடம். சிக்கல் என்னவென்றால், உயர் அதிர்வெண் தூண்டல் பெற்ற குழு, ஒப்பிடத் தாழ் அதிர்வெண் பெற்ற குழு, இரண்டுமே தேறின. முன்னேற்றம் கருவியாலா பயிற்சியாலா என்று பிரிக்க முடியாமல் 2019-ல் அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பு) இதற்கு அனுமதி மறுத்தது. கனடா 2018-லேயே அனுமதித்திருந்தது. என் கணக்கில் பயிற்சிதான் முதல்.

பதில் 2
அதற்கும் முன்னால் டிக்ஸ்-ஹால்பைக் (தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண் அசைவைப் பார்க்கும் சோதனை) பார்த்தீர்களா? தலைக்காயத்துக்குப் பின் உள்காதுத் துகள் இடம் பெயர்வது சகஜம். எப்லி முறையில் (தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது) சரியாகக்கூடியதை மாதக்கணக்கில் ஃபோமில் நிறுத்தி வைக்கிறார்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் எடுங்கள். தலைசுற்றல் மாத்திரை தினமும் ஓடுகிறதா என்றும் கேளுங்கள், அது மூளை ஈடுகட்டுவதைத் தாமதப்படுத்தும்.

பதில் 3
நிறுத்தும் முறை: சுவர் மூலையில், முதுகு மூலைப் பக்கம், முன்னால் நாற்காலி, பக்கத்தில் ஒருவர். கால் சேர்த்துத் தரையில் கண் மூடி 30 விநாடி தாண்டினால்தான் ஃபோம். அங்கே முதலில் கால் அகட்டி, கண் திறந்து. பிறகு குறுக்கி, மூடி. ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஃபோம் ரொம்ப மெத்தென்று இருந்து பாதம் தரையைத் தொட்டுவிட்டால் தரையில் நிற்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பார்வைப் பயிற்சி தனி. கை நீட்டும் தூரத்தில் ஓர் எழுத்து. அதை விடாமல் பார்த்தபடி தலையை இடவலமாக 1 நிமிடம். எழுத்து மங்கினால் வேகம் அதிகம். சுற்றல் லேசாக வரலாம், சில நிமிடத்தில் அடங்கவேண்டும்; நெடுநேரம் நீடித்தால் மறுநாள் குறையுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, நடக்கும்போது தரையையே பார்ப்பது. அப்படிச் செய்தால் உள்காதுக்கு வேலையே வராது.

பதில் 1
கருவி எடுத்தால் ஒன்று: நாக்கில் சுரீரென்று தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பேசினாலோ பல் கடித்தாலோ தொடர்பு விட்டுவிடும். வாய்ப்புண், வலிப்பு, பேஸ்மேக்கர் இருந்தால் நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.