அலியை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்: இன்னும் மனதை உறுத்தும் அந்த ஒரு நிமிடம்

ராயபுரத்தான்

குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்ததைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். 1980 ஜனவரி இறுதி, பழைய நேரு விளையாட்டரங்கம், எம்.ஜி.ஆர். வந்திருந்தார், ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி, நம் சென்னைக் குத்துச்சண்டை வீரர் ராக்கி பிராஸும் அவரோடு மேடையேறினார். அதையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது போட்டி முடிந்த பிறகு நடந்தது.

எனக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் குத்துச்சண்டை வாத்தியார் சார்பட்டா பரம்பரை என்று சொல்லும்போதே முதுகை நிமிர்த்திக்கொள்வார். அலி வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அன்று முழங்கால் வீங்கிக் கிடந்தது. கூட்டத்தில் இடிபட முடியாது என்று கேலரியில் உட்கார்ந்துகொண்டு, “நீ போ, கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்” என்று என்னை அனுப்பினார். எப்படியோ நுழைந்து மேடையோரம் வரை போய்விட்டேன்.

போட்டி முடிந்ததும் அலி கயிற்றின் மேல் சாய்ந்து குனிந்தார். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் இரண்டு முழம் இருக்கும். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் ஒரு காரணம். ஆனால் அந்தக் குரலே எழும்பவில்லை. தூக்கத்திலிருந்து பாதி எழுந்தவர் பேசுவதுபோல் இருந்தது. வாயாலேயே எதிராளியைப் பாதி வீழ்த்துகிறவர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

கேலரிக்குத் திரும்பியதும் வாத்தியார் என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னார்?” என்றார். அந்த முகத்தைப் பார்த்து, கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “ஒரு நாளும் பயிற்சியை விடாதே என்றார்” என்று சொல்லிவிட்டேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனிடமும் வாத்தியார் அதைச் சொன்னார். இறக்கும் வரை, இருபத்தோரு வருடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டேன்.

பழைய ஏடு

ராயபுரத்தாரே, உங்கள் நினைவைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் குரலை அலிக்குப் பின்னால் வந்த நோயோடு முடிச்சுப் போடுவதுபோல் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குறி, அதாவது கை நடுங்கிப் பேச்சும் மந்தமாகும் நரம்புக் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னது 1984இல். பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் கண்டதன்மேல் ஏற்றுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஊர் ஊராக அலைந்து களைத்த மனிதர், தொண்டை கட்டியிருக்கலாம். சென்னைக்குச் சில நாள் முன்பு டெல்லியில் கௌர் சிங்குடன் அவர் மோதியபோது நான் பார்த்தேன். பின்னால் 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றாரே, அதே கௌர் சிங். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை, குரலெல்லாம் எட்டவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கால்கள்தான். 38 வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை அந்தப் பழைய கால்மாற்றை ஆடிக்காட்டினார். அரங்கமே எழுந்து நின்றது.

அலியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முடிவிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டனில் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பில் பெயரைக் கூப்பிட்டபோது அவர் முன்னே அடி எடுத்து வைக்கவில்லை, சேர மறுத்துவிட்டார். அந்த ஓர் அடிக்காக உலகச் சாம்பியன் பட்டமும் போட்டி உரிமமும் போயின, ஐந்து வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டால் வெளியில் இருந்தாலும் 43 மாதம் மேடை ஏற விடவில்லை. 25 வயதில் நிறுத்தப்பட்டு 28 வயதில் திரும்பினார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று தண்டனையை ரத்து செய்தது. போன வருடங்களை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்? அந்தக் கால்கள் மறுபடி பழையபடி ஓடவில்லை. அடியிலிருந்து விலகி ஓடியவர், அடியை வாங்கித் தாங்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

கிள்ளான் தமிழன்

பழைய ஏடு ஐயா சொன்ன அந்தக் கடைசி வரியை நான் கண்ணால் பார்த்தேன். கோலாலம்பூர், 1975 ஜூலை 1, மெர்டேக்கா அரங்கம், எதிரில் ஜோ பக்னர். அமெரிக்காவில் இரவு நேரத்தில் காட்டுவதற்காக இங்கே காலையில் நடத்தினார்கள். செவ்வாய்க்கிழமை. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. அன்று போகவில்லை. டிக்கெட்டுக்கு எத்தனை வெள்ளி (மலேசியப் பணம்) கொடுத்தார் என்று கடைசி வரை அம்மாவிடம் சொல்லவில்லை.

பதினைந்து சுற்று. பக்னர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கிக்கொண்டே இருந்தார். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஏசத் தொடங்கினார்கள். எனக்கும் ஏமாற்றம், பன்னிரண்டு வயது, யாராவது விழ வேண்டும் என்று காத்திருந்தேன். ஒரு சுற்று முடிந்து அலி மூலையில் உட்கார்ந்தார். பஞ்சை நனைத்துத் தலையில் பிழிந்தார்கள். அவர் கண்ணை மூடி, வாயைத் திறந்து, அந்தத் தண்ணீர் வாய்க்குள் வழியும்படி முகத்தை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா மெதுவாக, “இவரும் நம்மைப்போலத்தான், வெயிலில் நிற்கிறார்” என்றார்.

நான், “சண்டையே போடவில்லை, காசு வீண்” என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸிலும் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஃபிரேசியரும் அலியும் மோதி, பதினான்காவது சுற்று முடிந்ததும் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் “போதும்” என்று நிறுத்தினாரே, அந்தச் செய்தியை அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான்.

தஞ்சை மகள்

நான் நேரில் பார்த்தவள் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா பள்ளி ஆசிரியர். கரும்பலகையில் அவர் எழுத்து வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள் தெரியவில்லை என்று சொன்னபோது கண்ணாடி போடச் சொல்லி அனுப்பினார். அதன் பிறகுதான் வலது கை நடுங்கத் தொடங்கியது. வீட்டில் யார் வந்தாலும் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டு, கையை அதற்குள் வைத்துக்கொள்வார்.

1996 ஜூலை 20, சனிக்கிழமை காலை. அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழா. எங்கள் தெருவில் வண்ணத் தொலைக்காட்சி எங்களிடம்தான் இருந்தது, கூடம் நிறைய ஆட்கள். நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் சுடரோடு ஓடி வந்தார், மேலே யார் வாங்கப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை உடையில் அலி வந்து நின்றார். வலது கையில் சுடர். இடது கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை, பின்னால் வைத்துக்கொள்ளவும் இல்லை. உலகமே பார்க்கிறது.

அப்பா துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தார். நாற்காலிக் கைப்பிடிமேல் வைத்து நடுங்க விட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

எனக்குப் பதினைந்து வயது. பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே என்று, துண்டை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை.

மதுரைப் பயிற்சியாளர்

தங்கச்சி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நானும் அலியைப் பார்த்ததில்லை. 1980 அக்டோபர் 2, லாரி ஹோம்ஸுடன் மோதிய பதிவை ஒருமுறை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாவது சுற்று முடிந்ததும் அவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். பதினான்கு வயதுப் பையன் ஒருவன், “இவ்வளவு நேரம் ஏன் சார் விட்டார்கள்?” என்று கேட்டான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பழைய ஏடு ஐயாவுக்கு ஒன்று. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலியின் பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளை எடுத்துப் பேச்சின் வேகத்தை அளந்தார்கள். 1968இல் நொடிக்கு நான்கு அசைக்கு மேல் பேசியவர் 1981இல் மூன்று அசைதான் பேசினார். நோயைக் கண்டறிவதற்குப் பல வருடம் முன்பே குரல் மாறத் தொடங்கிவிட்டது. ராயபுரம் அண்ணன் காதில் விழுந்தது, அல்லது விழாமல் போனது, தொண்டைக்கட்டு என்று நான் நம்பவில்லை. 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த போட்டிக்குப் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி மோத வேண்டாம் என்று எச்சரித்தார். யாரும் கேட்காததால் விலகிப் போனார்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் சொல்கிறேன். தலைக்கவசம் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பாதீர்கள். அது தோல் கிழிவதைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆண்களுக்கான போட்டியில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள், அது சரியா தவறா என்று இன்றும் சண்டை. பயிற்சியில் அடிபட்ட பையன் தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி முடிந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி ஏற்றாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மோதல் பயிற்சி கூடாது, பயிற்சிப் பையைக் குத்துவதும் கூடாது. வாரத்தில் எல்லா நாளும் எதிராளியோடு மோத விடுவதில் எந்த வீரமும் இல்லை. பெரும்பாலான அடி போட்டியில் விழுவதில்லை, பயிற்சியில்தான் விழுகிறது. அலியே பயிற்சி முகாமில், தாங்கப் பழக வேண்டும் என்று, தன்னை அடிக்க விட்டவர்.

இன்னொன்று. பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு, எதிராளி இல்லாமல், பை குத்தும் குத்துச்சண்டைப் பயிற்சியை அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் 2006இலிருந்து கற்றுக்கொடுக்கிறார்கள். கால் எடுத்து வைக்கவும் விழாமல் நிற்கவும் அது உதவுகிறது என்கிறார்கள். உங்கள் ஊர் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது.

தஞ்சை மகள்

நன்றி அண்ணா. அப்பா 2009இல் போய்விட்டார்.

லூயிவில்லில் படித்தவன்

2016 ஜூன் 10. ஜூன் 3 அன்று அரிசோனாவில் இறந்த அலியைச் சொந்த ஊரான லூயிவில்லுக்குக் கொண்டுவந்து, அவர் பிறந்து வளர்ந்த தெருக்கள் வழியாக எடுத்துச் சென்றார்கள். பன்னிரண்டு வயதில் சைக்கிள் திருட்டுப்போய், திருடனை உதைக்க வேண்டும் என்று போலீஸ்காரர் ஜோ மார்ட்டினிடம் அழுதாரே, அதே ஊர். காலையிலேயே போய் நடைபாதையில் நின்றேன், கையில் ஒரு ரோஜா.

அமெரிக்காவில் சவ ஊர்வலம் என்றால் ஓசையில்லாமல் கார்கள் போகும் என்று நினைத்திருந்தேன். வண்டி திரும்பியதும் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கினார்கள். பூக்களை வண்டிமேல் வீசினார்கள், முன்கண்ணாடியே மறைகிற அளவுக்கு. குழந்தைகள் பக்கத்திலேயே ஓடினார்கள். சாலையெல்லாம் இதழ். எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்துச் சாவு ஊர்வலம் அப்படியே கண்முன் வந்தது, பறை மட்டும்தான் இல்லை.

நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி போன பிறகு பார்த்தால் ரோஜா என் கையிலேயே இருந்தது. அந்த வீடியோவை இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

பழைய ஏடு

பயிற்சியாளர் சொன்ன ஆய்வைப் படித்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன்: சென்னை மேடையில் அலியோடு நின்ற எல்லிஸை யாரும் பேசவில்லை. அவரும் லூயிவில்காரர், இருவருக்கும் டண்டீதான் பயிற்சியாளர். அலியிடமிருந்து பறித்த பட்டத்தில் ஒரு பாதியை 1968இல் வென்றவர் அவர். 1971இல் ஹூஸ்டனில் அலியிடம் பன்னிரண்டாவது சுற்றில் தோற்றார். கடைசிக் காலத்தில் மறதி நோயில் விழுந்து 2014இல் இறந்தார். ராயபுரத்தாரே, எல்லிஸ் ஏதாவது பேசினாரா?

ராயபுரத்தான்

எல்லிஸ் சிரித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் எனக்கு நினைவு. அவரைப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பெரம்பூர்வாசி

இப்போதுதான் படித்தேன். அன்று நானும் அங்கே இருந்தேன், கேலரியின் கீழ் வரிசையில். அலி கயிற்றில் சாய்ந்து ஒரு பையனோடு பேசியது நன்றாக நினைவிருக்கிறது. பச்சைச் சட்டை போட்டிருந்தான், இரண்டு கையாலும் மேடை விளிம்பைப் பிடித்திருந்தான். அலி பேசியதும் தலையை ஆட்டினான். நீங்கள்தானா?

ராயபுரத்தான்

இல்லை ஐயா. என்னுடையது வெள்ளைச் சட்டை, அண்ணனுடையது, தோள் பெரிதாக இருக்கும். நான் தலையை ஆட்டவில்லை. எனக்கு இடப்பக்கம் ஒருவன் நெருக்கிக்கொண்டு நின்றான், சட்டை நிறம் நினைவில்லை. அவன் தலையை ஆட்டினான் என்றால் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அந்தப் பச்சைச் சட்டைக்காரர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்.