ஆரியாவை அதன் இடத்தில் கேட்ட அனுபவங்கள்

வியன்னா அரசு ஓபரா அரங்கில் அமர்ந்து பார்ப்பதற்கான சீட்டின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது என்பதால், கீழ்த்தளத்தின் பின்புறம் நின்று பார்ப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்துதான் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ரிகோலெத்தோ’ என்ற ஓபராவை, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகத்தை, பார்த்தேன். வரிசையில் காத்திருந்து உள்ளே நுழைந்தவர்கள் தங்கள் கழுத்துத் துணியை முன்னால் உள்ள கம்பியில் கட்டி இடம் பிடித்துவிட்டு நிம்மதியாக வெளியே உலாவப் போனார்கள். பேருந்தின் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதுவரை ஆரியாக்களைத் தனித்தனிப் பாட்டுகளாகவே கேட்டிருந்தேன். (‘ஏரியா’ என்று எழுதினால் பேட்டைதான் நினைவுக்கு வரும் என்பதால் ‘ஆரியா’ என்கிறேன், இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குக் காற்று என்றும் பொருள் உண்டு.) பழைய ஓபராக்களில் கதை பெரும்பாலும் பேச்சை ஒட்டிய பாட்டில் நகரும், பாத்திரம் ஒன்று தன் மனநிலையை எடுத்துக்கொண்டு, தொடக்கமும் முடிவும் கொண்ட முழுப் பாட்டாகப் பாடுவது ஆரியா. அந்த முழுமை இருப்பதால்தான் அதை நாடகத்திலிருந்து எளிதாகப் பிரித்தெடுத்து எங்கும் ஒலிக்கவிட முடிகிறது. ‘ரிகோலெத்தோ’வில் வரும் ‘லா தொன்னா எ மொபிலெ’ எனக்கு அப்படித்தான் அறிமுகமானது: விளம்பரங்களில் எதையோ விற்கும் உற்சாகமான மெட்டு.

மூன்றாம் அங்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த சத்திரம். குதிரைப்படை வீரனைப் போல் உடையணிந்து வரும், இத்தாலிய நகரமான மாந்துவாவின் கோமகன் ஓர் அறையும் மதுவும் கேட்கிறான். இசைக்குழு அந்த மெட்டின் தொடக்கத்தை வாசித்துவிட்டுச் சட்டென்று நிற்கிறது. அந்தச் சிறு மௌனத்துக்குப் பிறகே, பெண்ணின் மனம் காற்றில் அலையும் இறகு என்று அவன் பாடத் தொடங்குகிறான். அலைபவன் அவனே என்பது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே மேல் நீளும் பாட்டு முடிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பின்னர் கோமகன் மாடியறையில் படுத்தபடி அதையே முணுமுணுக்கிறான். உறக்கம் வரவர வரி பாதியில் அறுந்து போகிறது.

புயல் ஓய்ந்த நள்ளிரவில், தன் மகளைக் கெடுத்த அந்தக் கோமகனைக் கொல்லக் கூலி கொடுத்திருந்த அரசவைக் கோமாளி ரிகோலெத்தோ வந்து, பிணம் இருக்கும் சாக்கைப் பெற்றுக்கொள்கிறான். அதன்மேல் காலை வைத்துத் தன் வெற்றியைப் பேசிவிட்டு ஆற்றில் தள்ளப் போகிற நேரத்தில், தொலைவிலிருந்து அதே மெட்டு, அதே குரலில், கவலையற்று வருகிறது. எனக்கு முன்னால் கம்பியில் பொருத்தியிருந்த சிறு திரையில் முன்பு வந்த அதே வரி ஓர் எழுத்தும் மாறாமல் மீண்டும் வந்தது. கோமகன் உயிரோடிருக்கிறான் என்றால் சாக்கில் இருப்பது யார்? அந்தக் கேள்வியை ஒரு பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே அந்த மெட்டு கேட்டுவிட்டது. 1851 மார்ச் 11 அன்று வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் முதன்முதலாக இதைக் கேட்டவர்களுக்கு விளம்பரங்களின் இடையூறு இல்லை. அவர்கள்மீது எனக்குச் சற்றுப் பொறாமையும் உண்டு.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: உங்களுக்குக் கிடைத்தது அதிர்ச்சி, எனக்குக் கிடைத்தது முதலில் ஏமாற்றம். 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின்போது பாடகர் பவரோத்தியின் குரலில் உலகெங்கும் பரவிய ‘நெஸுன் தோர்மா’ என்ற ஆரியாவைப் பல ஆண்டுகள் ஒலிநாடாவில் கேட்ட பிறகே அது இடம்பெறும், இசையமைப்பாளர் புச்சீனியின் ‘துரந்தோத்’ ஓபராவை மேடையில் பார்த்தேன். இறுதியில் ‘வெல்வேன்’ என்று உச்சத்தில் நீளும் அந்த ஒலிக்காகவே சீட்டு வாங்கியிருந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை. பாடகர் அங்கே போய்ச் சேர்ந்தார். கைதட்டக் கையை உயர்த்தினேன். இசைக்குழுவோ நிற்காமல் அடுத்த காட்சிக்குள் போய்விட்டது. ஆங்காங்கே எழுந்த கைதட்டல் அதில் மூழ்கிப்போனது.

வீட்டுக்கு வந்து இசைக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோதுதான் இசைக்குழுவின் நடத்துநர்மீது இருந்த கோபம் தணிந்தது. புச்சீனி அந்த இடத்தில் ஆரியாவை முடிக்கவே இல்லை. பாடகர்கள் நீட்டி முழக்கும் உச்ச சுரத்தையும் அவர் மிகக் குறுகிய கால அளவிலேயே எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது ஒன்றையும் மேடையில்தான் கவனித்தேன். அந்த ஆரியாவைப் பாடும் இளவரசனின் பெயரை விடியுமுன் கண்டுபிடிக்காவிட்டால் பீக்கிங் நகரத்தாருக்கு மரணம். அதனால்தான் ‘எவரும் உறங்கக் கூடாது’ என்ற ஆணை, ‘நெஸுன் தோர்மா’வின் பொருளும் அதுவே. பாட்டின் நடுவே, தாங்கள் சாகத்தான் வேண்டும் என்று பெண்கள் மறைவிலிருந்து பாடும் வரிகள் உண்டு. கச்சேரி மேடைகளில் அந்தக் குரல்களை விட்டுவிட்டு வாத்தியங்களை மட்டும் வாசிப்பதுண்டு. அவற்றைக் கேட்ட பிறகு ‘வெல்வேன்’ என்பது எனக்கு இனிக்கவில்லை. ஊரே நடுங்கும்போது தன் காதலை மட்டும் எண்ணுகிற ஒருவனின் குரலாகவே கேட்கிறது. அப்படிக் கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

* * *

மேலே எழுதிய இருவரிடமும் தெரியும், ஆரியாவை அதன் இடத்தில்தான் கேட்க வேண்டும் என்ற கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். 18ஆம் நூற்றாண்டுப் பாடகர்கள் தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த ஆரியாக்களை ஊர் ஊராக எடுத்துச் சென்று, கதை எதுவாக இருந்தாலும் உள்ளே நுழைத்துப் பாடியிருக்கிறார்கள். அவற்றுக்கு இத்தாலிய மொழியில் ‘பெட்டி ஆரியா’ என்றே பெயர். பாத்திரத்தை விடப் பாடகரின் தொண்டைதான் பெரிது என்றிருந்த காலம் அது.

ஆனால், அதே காலத்து இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘ஜூலியோ சேசாரே’யை (ஜூலியஸ் சீசர்) ஓர் இசைக்கல்லூரி மாணவர்கள் சிறிய அரங்கொன்றில் நடத்தியபோது மூன்றாம் வரிசையில் அமர்ந்து கேட்டேன். 1724-இல் லண்டனில் அரங்கேறிய அந்த ஓபராவில், சீசர் இறந்துவிட்டதாக நம்பும் கிளியோபாட்ரா, உடன்பிறந்தவனிடம் சிறைப்பட்ட நிலையில், தன் விதியை எண்ணி அழுவேன் என்று மெல்லப் பாடுகிறாள். நடுப்பகுதியில் வேகம் பிடிக்கிறது: செத்த பிறகு ஆவியாக வந்து இரவும் பகலும் அந்தக் கொடியவனை அலைக்கழிப்பேன் என்கிறாள். பிறகு ‘தா காப்போ’, அதாவது தலையிலிருந்து: முதற்பகுதி முழுவதும் மீண்டும்.

திரும்பப் பாடும்போது பாடகர் தம் திறமைக்கேற்ப அழகுபடுத்துவது மரபு. அந்த மாணவி ஏறக்குறைய எதையும் சேர்க்கவில்லை. முதன்முறை அவள் அழுதபோது இரக்கமாக இருந்தது. அவ்வளவு சினத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டு அதே சொற்களுக்குத் திரும்பியபோது, அவளிடம் வேறெதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றியது. நடுப்பகுதிக்கும் அதற்கும் இடையே, எனக்கு மிக அருகில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த பையன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, தாளை ஒரு பக்கம் பின்னோக்கிப் புரட்டினான்.