ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறார்கள்: 54 வயதில் என்ன செய்வது?

கெடிலக்கரையான்:
எனக்கு வயது 54, வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆலையின் ஸ்டோர்ஸில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கே பேருந்து ஏறி, புதுச்சேரியில் மயிலம் வண்டிக்கு மாறிப் போகிறவன். தாமதத்துக்காக ஒரு மெமோகூட வாங்கியதில்லை. சென்ற ஆண்டு நிர்வாகம் கைமாறியதும், சரக்கு இருப்பை எழுதி வைக்கும் பின் கார்டுகளை (bin card) எடுத்துவிட்டு, கணக்கு முழுவதையும் கணினிக்கு மாற்றினார்கள். பயிற்சிக்கு, என்னிடம் வேலை கற்ற இரண்டு இளைஞர்களை அனுப்பினார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு, "உங்களுக்கு எதுக்குங்கய்யா இந்தச் சிரமம்?" என்று மேலாளர் சிரித்தார். பிறகு கணினி தெரியாததையே ஆண்டு மதிப்பீட்டில் என் குறையாக எழுதினார்கள். போன வாரம் மனிதவளத் துறையில் அழைத்து, தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று அதில் இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? கையெழுத்துப் போட்டால் கிராஜுவிட்டியாவது (பணிக்கொடை) கிடைக்குமா?

பழைய சங்கத்துக்காரன்:
எழுந்து வந்தது நல்லது ஐயா. தனியார் நிறுவனத்தில் வயதைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் அரசு வேலைக்குத்தான் கை கொடுக்கும். ஆகவே வயதை மட்டும் சொல்லி வாதாடினால் எடுபடாது. நீங்களாகப் போனீர்களா, அவர்கள் அனுப்பினார்களா என்பதைத்தான் சட்டம் பார்க்கும். அந்தக் கடிதத்தின் வேலையே அதை மாற்றிக் காட்டுவதுதான்.

கிராஜுவிட்டி எப்படியும் கிடைக்கும். ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து, 15 நாளுக்கும் 22 ஆண்டுக்கும் பெருக்கினால் 3,30,000 ரூபாய் வரும். அதைக் கொடுப்பதையே சலுகை போலப் பேசுவார்கள், மயங்க வேண்டாம். ஆட்குறைப்பு என்றால் அதற்கு மேல் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தர வேண்டும். ஒரே வகை வேலையில் இருப்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். மாறிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மூத்த ஊழியருக்கு நம் சட்டத்தில் உள்ள பிடிமானம் இதுதான்.

இதெல்லாம் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவருக்கே பொருந்தும். நிர்வாகம் உங்களை மேற்பார்வையாளர் என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். பதவிப் பெயரைவிட, நாள் முழுக்க நீங்கள் செய்யும் வேலை என்ன என்பதே முக்கியம். சரக்கை எண்ணி, பதிவேட்டில் எழுதி, கேட் பாஸ் போடுகிறீர்களா? அல்லது மற்றவர்களுக்கு விடுப்பு வழங்கி, மதிப்பீடு எழுதுகிறீர்களா? முன்னது என்றால், உங்கள் கையெழுத்துள்ள பதிவுகள் எந்தெந்த நாளில் எவை என்று குறித்து வையுங்கள். இன்னொன்று: ஆலை புதுச்சேரி எல்லையில் இருப்பதால் கடலூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், புதுச்சேரித் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.

உப்பளவாடிப் பெண்:
நான் வேறொரு நிறுவனத்தில் மனிதவளத் துறையில் இருப்பவள். இப்படிக் கடிதம் நீட்டும் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் உண்டு. வாய்ப்பேச்சுக்கு நாங்கள் கவலைப்படுவதில்லை. தேதியோடு வரும் எழுத்துக்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கும். பயிற்சிக்கு யார் யாரை எந்தத் தேதியில் அனுப்பினார்கள், நீங்கள் கேட்டும் ஏன் அனுப்பவில்லை, இப்போதும் கற்க ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில், கோபமான ஒரு சொல்கூட இல்லாமல் எழுதிக் கொடுங்கள். கணினி வேண்டாம் என்று உண்மையாகவே ஒதுங்கும் மூத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகப் பேச எங்களுக்கே வழி இருப்பதில்லை. உங்கள் நிலை அதுவல்ல.

வில்லியனூர் வாசி:
நான் 52 வயதில் கையெழுத்துப் போட்டவன். மரியாதையாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். மறுமாதமே என் இடத்தில் புதிய ஆள் உட்கார்ந்திருந்தார். பணமுடையில் பி.எஃப். ஓய்வூதியத்தையும் முன்கூட்டியே வாங்கத் தொடங்கினேன். 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு, அது 58க்குப் பிறகும் திரும்பி வராது. அவசரப்பட்டு அந்த ஓய்வூதியப் படிவத்தைத் தொடாதீர்கள் அண்ணா.

கெடிலக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. உப்பளவாடி அம்மா சொன்னபடி ஒரு பக்கக் கடிதம் எழுதி, இன்று காலை தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். முத்திரை குத்திய பையன், படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் தேதியை மட்டும் இரண்டாம் முறை அழுத்திக் குத்தினான். என் வேலையில் கேட் பாஸும் இருப்புப் பதிவேடும்தான் முக்கால் பங்கு. விடுப்பு வழங்கும் அதிகாரம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.