எண்ணூர் கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை எங்கே கொடுப்பது?

எர்ணாவூர்க்காரி:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு தாழங்குப்பம் கரையில் குப்பை பொறுக்குகிறோம். சூரியன் எழுவதைப் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். காணும் பொங்கல் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். வரட்டும், வடசென்னைக் கடலை நாலு பேர் தேடி வந்து பார்ப்பது எனக்குப் பெருமைதான். அவர்கள் போன பிறகு கிடக்கும் தண்ணீர் பாட்டிலையும் பிரியாணி டப்பாவையும் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

பொறுக்குவதில் சிரமமில்லை, அதற்கு அப்புறம்தான் சிக்கல். காயலான் கடையில் பாட்டிலை மட்டும் எடுக்கிறார்கள், அதுவும் முகம் சுளித்துக்கொண்டு. சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், மணலோடு முறுக்கிக் கிடக்கும் நைலான் வலையெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். குப்பை வண்டி மணலில் இறங்காது. மூட்டையைக் கரையிலேயே விட்டால் நாய் கிழிக்கிறது, அமாவாசை பௌர்ணமிக்கு அலை ஏறி வந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கொளுத்திவிடச் சொல்கிறார்கள் சிலர். பிள்ளைகளை அந்தப் புகையில் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெட்டுக்குப்பம் வலைக்காரன்:
அக்கா, நான் தொழிலுக்குப் போகிறவன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போடுவது ஒரு பங்குதான். மழைக்காலத்தில் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் ஊர்க் குப்பையை எல்லாம் முகத்துவாரம் வழியாகக் கடலில் தள்ளிவிடும். வாடைக்காற்று மாதங்களில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும், அதனால் எல்லாம் உங்கள் பக்கம் வந்து கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கல் இடுக்கில் செருகிக்கொள்ளும். வலையை இழுத்தால் இறாலோடு கேரி பேக் வருகிறது. இன்ஜின் விசிறியில் ஒன்று சுற்றிக்கொண்டால் நடுக்கடலில் நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்.

அறுந்த வலையை மட்டும் கரையில் விட்டுவிடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் நேரம். வலை திரும்பக் கடலுக்குப் போய் ஆமை அதில் சிக்கினால், மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். எங்கள் குப்பத்தில் கொடுங்கள், கயிறுக்கு ஆகிற துண்டை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

தண்டையார்பேட்டை பழைய சாமான்:
அம்மா, நான் இந்த வியாபாரத்தில் இருப்பவன். நாங்கள் எடை போட்டு வாங்குகிறோம், ஈரமும் மணலும் இருந்தால் எங்கள் கைக்காசு போகும். அலசிக் காயவைத்து, பாட்டிலை நசுக்கி, மூடியைக் கழற்றித் தனிப் பையில் கொண்டு வாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பாட்டில் பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக், மூடி வேறு வகை. சந்தேகம் இருந்தால் ஒரு வாளி கடல் தண்ணீரில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். மூடி திருகிய பாட்டில்தான் உள்ளே இருக்கும் காற்றால் மிதந்து கரைக்கு வருகிறது. மூடியில்லாதது தண்ணீர் புகுந்து அடியில் போய்விடும், நீங்கள் அதைப் பார்க்கவே முடியாது.

பால் கவரைக் காயவைத்தால் அதற்கும் விலை உண்டு. சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது, காசும் கிடையாது. அந்த மாதிரி சரக்கு சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகும். அதை உலர் குப்பையாக மாநகராட்சியிடம் கொடுப்பதுதான் வழி. முன்கூட்டியே 1913-க்கு போன் செய்து, மூட்டைகளைச் சாலை ஓரத்துக்குக் கொண்டு வந்து வையுங்கள்.

ராயபுரம் வாத்தியார்:
தமிழ்நாட்டில் கேரி பேக், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், உள்ளே பிளாஸ்டிக் பூசிய டீ கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதலே தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் இல்லை, அதற்கு வேறு வழி வேண்டும். நீலகிரியில் 2022-இல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறை வந்தது. காட்டில் பாட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகிறது என்பதுதான் காரணம். கரையோரக் கடைகளும் தண்ணீர் பாட்டிலுக்கு இப்படிச் செய்யலாமே?

எர்ணாவூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. பழைய சாமான் அண்ணா, மூடி விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொன்னேன், வாளி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார்கள். இனி நாலு சாக்கு: பாட்டில், மூடி, வலை, மற்றது.

சார், 10 ரூபாய் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் பஜ்ஜி போடும் அக்காக்களிடம் தடை, அபராதம் என்று பேச எனக்கு மனமில்லை. அவர்கள் பிழைப்பே அந்தக் கூட்டம்தான். முதலில் ஒரு கடையில் கேட்டுப் பார்க்கிறேன், திருப்பித் தரும் சில்லறையை முதல் மாதம் நாங்களே முன்பணமாகக் கொடுக்கிறோம். வலைக்காரத் தம்பி, வலையை எந்த நேரத்தில் கொண்டு வந்தால் நீ கரையில் இருப்பாய்?

நெட்டுக்குப்பம் வலைக்காரன்:
ஒன்பது மணிக்கு மேல் வாங்கக்கா, மீனை இறக்கி முடித்திருப்போம்.