1200 எம்கே2 இன்னும் தாங்குமா, இல்ல தள்ளிவிட்டுட்டு புதுசு வாங்கவா?

சிம்மக்கல்காரன்:
வணக்கம் மக்களே. எங்க சித்தப்பா 1986ல சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயர் இப்ப என் கைக்கு வந்திருக்கு. பதினஞ்சு வருசமா பரண் மேல பழைய போர்வைல சுத்திக் கெடந்துச்சு, தொடச்சு கரண்ட் குடுத்தா டக்குனு சுத்துது, முள்ளு மட்டும் போயிருச்சு. என் மச்சினன் ஒரே முடிவா நிக்கிறான், "மாமா இது உங்க வயசு மெஷினு, வித்துட்டு பெல்ட்டுல சுத்துற ரேகா பிளானர் 3 வாங்குங்க"ன்னு. வீட்ல கேக்குறது இளையராஜா எல்பி ஒரு முப்பது, அப்புறம் தாத்தாவோட நாதஸ்வர கல்தட்டு (அந்தக் காலத்து 78 ரெக்கார்டு) ஒரு பெட்டி. என்ன செய்யலாம்?

பெல்ட்டு பார்ட்டி:
மச்சினன் சொல்றதக் கேளுங்க பாஸ். அது டிஜே பயலுக முன்னாடி பின்னாடி தேய்க்கிறதுக்குன்னே பேரு வாங்குன மெஷினு. தட்டுக்கு நேரா கீழயே மோட்டார், அதோட காந்தம் துருவம் துருவமா இழுக்குறப்ப வர்ற துடிப்ப நடுவுல தடுக்க ஒண்ணுமே இல்ல, பெல்ட்டுனா ரப்பரு அத முழுங்கிரும். முள்ளத் தாங்குற அந்த எஸ் மாதிரி வளைஞ்ச ஆர்ம் அந்தக் காலத்து சரக்கு, முள்ளு உக்கார்ற ஹெட்ஷெல்லக் கழட்டி மாட்டுற எடத்துல ஒரு மூட்டு வேற. ரேகாக்காரன் 1983லயே ஆர்ம் குழாய ஒரே வார்ப்பா வார்த்துட்டான்.

குழாய்செட்டு மாமா:
தம்பி டிஜே டிஜேன்னு எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்றீங்க. 1972ல மொதமொதல்ல வந்தப்ப அது வீட்ல பாட்டுக் கேக்குறவுகளுக்கு வந்த மெஷினுதான், டிஜேக்காரன் பிற்பாடு பிடிச்சுக்கிட்டான். நான் உசிலம்பட்டி பக்கம் முப்பது வருசம் மைக் செட் ஓட்டுனவன். ஆடி மாசம் ஒரே நாள்ல ரெண்டு ஊரு கூழு ஊத்துறதுக்குப் போவோம், கரண்டு கெடையாது, ஜெனரேட்டர்தான். அங்கிட்டு சீரியல் லைட்ட போட்டான்னா ஜெனரேட்டர் மூச்சு வாங்கும், இங்கிட்டு எங்க பழைய பிளேயர்ல டிஎம்எஸ் குரல் அப்புடியே சாயும், கூட்டம் சிரிக்கும். 94ல ஒரு 1200 செகண்டேன்ல வாங்குனேன், அன்னையோட அந்தச் சிரிப்பு நின்னுச்சு. அதுல வேகத்தப் பிடிச்சு வைக்கிறது உள்ள இருக்குற குவார்ட்ஸு (கடிகாரத்துல இருக்குமே, அதே கல்லு), உங்க லைன் கரண்டு இல்ல. பெல்ட்டு மதுரை வெயில்ல ரெண்டு கோடை தாண்டுனா தொளதொளன்னு ஆயிரும் அது தெரியுமா?

பெல்ட்டு பார்ட்டி:
மாமா வீட்ல யாரு ஜெனரேட்டர் போட்டு சித்திரைத் திருவிழா நடத்துறா? இப்ப வர்ற பெல்ட்டு பிளேயர் நெறைய எலக்ட்ரானிக் கன்ட்ரோல்தான், லைன் கரண்டப் பாத்து ஓடுறதில்ல. பெல்ட்டு போனா மாத்துறது அஞ்சு நிமிச வேல, உங்க 1200 போர்டு போனா எவன் பாப்பான்?

ஓம்ஸ் லா:
ரெண்டு பேரும் பாதி பாதி சரி. அந்தத் துடிப்பு கேஸ நானும் ரொம்ப வருசமா கேக்குறேன். நியூமன் விஎம்எஸ் 80ன்னு தட்டுல பள்ளம் வெட்டுற மெஷின் இருக்கு, ஸ்டூடியோல மாஸ்டர் வெட்டுறது. அதச் சுத்துறதே டெக்னிக்ஸோட டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட்டு இல்லாம நேரா சுத்துற மோட்டார்தான். வெட்டும்போது காதுக்குக் கேக்காத துடிப்பு, போட்டுக் கேக்கும்போது மட்டும் கேக்குதாக்கும்.

இன்னொண்ணு, 2010ல நிப்பாட்டுன டிசைன 2016ல திரும்பக் கொண்டாந்தான், 2019ல எம்கே7 விட்டான். மோட்டார்ல கம்பிச் சுருளுக்கு நடுவுல இருந்த இரும்ப எடுத்துட்டான், அதாவது பெல்ட்டு பார்ட்டி சொல்ற துடிப்ப அவனே ஒத்துக்கிட்டான்னு வச்சுக்கலாம். ஆனா ஆர்ம் அதே எஸ் வளைவுதான்.

சிம்மக்கல்காரரே, உங்க கேள்வில எல்லாரும் தாண்டிப்போன எடம் கல்தட்டு. அது நிமிசத்துக்கு 78 சுத்து சுத்தணும், எம்கே2ல 33ம் 45ம்தான், 78 கெடையவே கெடையாது. எம்கே7ல இருக்கு. கல்தட்டுக்கு முள்ளும் வேற, எல்பி முள்ள விட கிட்டத்தட்ட நாலு மடங்கு தடிமன், எல்பி முள்ளுல போட்டா பள்ளத்தோட அடியில பொரண்டு குப்பையத்தான் படிக்கும். ஆன்லைன்ல ஜப்பான்ல இருந்து வர்ற 1200 வாங்குறவங்களும் பாத்துக்கங்க, அது 100 வோல்ட்டு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நேரா பிளக்குல சொருகி வாசனை பாத்தாரு.

மேலூர் மாப்ள:
ஹாஹா. எங்க அண்ணன் அமெரிக்காவுல இருந்து ஒரு பழைய பெல்ட்டு பிளேயர் கொண்டாந்தாரு, வோல்ட்டக் கொறைக்கிற ஸ்டெப் டவுன் எல்லாம் போட்டுத்தான் ஓட்டுனாரு. அங்க கரண்டு செகண்டுக்கு 60 சைக்கிள் இங்க 50, மோட்டார் அதப் பாத்து ஓடுறதால மெதுவாயிருச்சு, ஜானகியம்மா ஒன்றரைக் கட்டை எறங்கி ஆம்பளக் குரல்ல பாடுனாங்க. அண்ணன் ஒரு வாரம் ரெக்கார்டு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரோட சண்ட.

சிம்மக்கல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. புது முள்ளு வந்துருச்சு, நேத்து ராத்திரி போட்டேன். மெஷின் தட்டு ஓரத்துல இருக்குற பெரிய புள்ளி வரிசை செவப்பு லைட்டுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது, அப்ப வேகம் சரிதான், ஆனா பாட்டுல நீட்டிப் பிடிக்கிற வயலின் எல்லாம் மெதுவா அலையுது. பெல்ட்டு பார்ட்டி சொன்னது சரிதானோ?

ஓம்ஸ் லா:
ஆர்ம மேல இருந்து பாருங்க. ஒரு சுத்துக்கு ஒரு தடவ உள்ள போயி வெளிய வருதா?

சிம்மக்கல்காரன்:
ஆமாண்ணே ஊஞ்சல் மாதிரி ஆடுது.

ஓம்ஸ் லா:
அப்ப மெஷின விடுங்க, ரெக்கார்டோட ஓட்டையப் பாருங்க. ஓட்டை நடுவுல இருந்து அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தா நடுத்தட்டுல வேகம் அரை பர்சன்ட் ஏறி எறங்கும். எம்கே2க்கு வேகம் அலையுறதுக்கு கம்பெனி போட்ட கணக்கு 0.025 பர்சன்ட். இருபது மடங்கு! இதுக்கு எந்த பிளேயர் வாங்குனாலும் அலையும்.

சிம்மக்கல்காரன்:
அடேங்கப்பா. பாத்தேன். இது ஏதோ சவுண்ட் சர்வீஸ்ல ஓடுன தட்டு போல, லேபிள்ல நீல மையில 14ன்னு நம்பர், ஓட்டையச் சுத்தி அவசரத்துல குச்சி தேடுன கீறலா கெடக்கு, ஓட்டையே முட்ட மாதிரி நீண்டுருச்சு. தட்ட ஒரு நூலு அங்கிட்டு தள்ளி வச்சேன், வயலின் அலையுறது நின்னுருச்சு!

குழாய்செட்டு மாமா:
14ங்கிறது நாங்க போடுற வரிசை நம்பரு, கல்யாணத்துல முகூர்த்தம் முடிஞ்சு பந்தில போடுறது. இருட்டுல அவசரத்துல மாத்துவோம், ஓட்டை எப்புடி இருக்கும்.

பெல்ட்டு பார்ட்டி:
சரி வேகத்துல நான் தோத்தேன், வச்சுக்கங்க. ஆர்ம் முனையப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, அது திரும்புற பேரிங்ல லூசு இருக்கா?

சிம்மக்கல்காரன்:
...இருக்கு. டிக் டிக்குனு கைக்குத் தெரியுது.

பெல்ட்டு பார்ட்டி:
நான் மொதல்லயே என்ன சொன்னேன், ஆர்முன்னு சொன்னேனா இல்லையா?

குழாய்செட்டு மாமா:
அதுக்காக மெஷின விப்பாகளாக்கும். தம்பி, ஆர்ம் மட்டும் மாத்திக்கலாம், பைய செய்யலாம். கல்தட்டுக்கு எங்கிட்ட ஒரு பழைய பிளேயர் சும்மா கெடக்கு, 78 ஓடும், முள்ளு நீங்க வாங்கிக்கங்க. ஞாயித்துக்கெழம வாங்க, அந்த நாதஸ்வரப் பெட்டியையும் தூக்கிட்டு வாங்க.