சர்வீஸுக்கு விட்ட சைக்கிளைக் காணோம், கடைக்காரர் பொறுப்பில்லை என்கிறார். என்ன செய்யலாம்?

மதுரையில் இருக்கிறோம். மகளின் சைக்கிளில் பின் கியர் சரியாக விழவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கடையில் விட்டேன். சனிக்கிழமை வாங்கப் போனால் வண்டி இல்லை. முதலில் குடோனில் இருக்கும் என்றார்கள், அப்புறம் பையன் யாருக்கோ மாற்றிக் கொடுத்திருப்பான் போல என்றார்கள், இப்போது சுவரில் இருக்கும் "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" போர்டைக் காட்டுகிறார்கள். வேண்டுமானால் ஒரு பழைய சைக்கிள் தருகிறார்களாம். புதிதாக வாங்கியபோது 16,500 ரூபாய். அவள் டியூஷனுக்கு அதில்தான் போகிறாள். அந்த போர்டு செல்லுமா?

பதில் 1:
செல்லாது சார். வேலைக்காக ஒரு பொருளை வாங்கி வைத்துக்கொண்டவர், தன் சொந்தப் பொருளைப் போல அதைக் கவனிக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவே சொல்கிறது. டெல்லியில் ஒரு ஹோட்டல் பார்க்கிங்கில் 1998-இல் கார் திருடு போன வழக்கில், டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்தும், சொந்தக் கவனக்குறைவுக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவனமாகத்தான் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியதும் கடைக்காரர்தான், நீங்கள் இல்லை. ஆனால் புது விலை முழுவதும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், பழகிய வண்டியின் இன்றைய மதிப்புதான் கணக்கு.

பதில் 2:
நானும் சைக்கிள் கடைதான் வைத்திருக்கிறேன். சண்டை போடுவதற்கு முன்னால் அன்றைய பில் புக்கைப் பாருங்கள் அண்ணா. ஒரே கம்பெனி, ஒரே கலர் வண்டி இரண்டு வந்தால் சாயங்கால நெரிசலில் மாறிப்போவது நடக்கிறதுதான், அதற்காகத்தான் ஹேண்டிலில் டேக் கட்டுவோம். அன்று டெலிவரி எடுத்தவர்கள் எல்லோருக்கும் கடைக்காரரே போன் செய்ய வேண்டும், அது அவர் வேலை. பெடல் அச்சுக்குக் கீழே, வண்டியைக் கவிழ்த்தால் தெரிகிற மாதிரி, ஃபிரேம் நம்பர் அடித்திருப்பார்கள். வாங்கிய பில்லிலோ வாரண்டி அட்டையிலோ அது இருக்கிறதா என்று தேடி வையுங்கள்.

கேட்டவர்:
வாரண்டி அட்டையில் நம்பர் இருக்கிறது! ஆனால் சர்வீஸுக்கு விட்டதற்கு பில் தரவில்லை, வாட்ஸ்அப்பில் "வண்டி ரெடி, 650 ரூபாய்" என்று அனுப்பியது மட்டும்தான்.

பதில் 1:
அது போதும், வண்டி அவர்களிடம் இருந்ததை அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அழித்துவிடாதீர்கள். ஃபிரேம் நம்பரைக் குறிப்பிட்டு, வண்டியோ பணமோ 15 நாளில் வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், இல்லாவிட்டால் நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது, ஆனாலும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.