பழைய சிங்கிள் ஷாட் .308 ரைஃபிள் ரொம்ப சல்லிசா வருது, வாங்கலாமா?

கானகன்

வணக்கம் நண்பர்களே. லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, ரேஞ்சுல அடிச்சுப் பழகிட்டும் இருக்கேன், வர்ற சீசன்ல பர்மிட் வாங்கி முதல் தடவையா மான் வேட்டைக்குப் போகணும்னு ரொம்ப ஆசை. ஆனா பட்ஜெட் சின்னது. புது போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்துற வகை) விசாரிச்சேன், ஸ்கோப்போட சேர்த்துப் பார்த்தா கட்டுப்படியாகல.

இப்ப ஒருத்தர்கிட்ட எச் அண்ட் ஆர் கம்பெனியோட ஹேண்டி ரைஃபிள் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. .308 வின்செஸ்டர், நடுவுல மடிச்சுத் திறக்குற பிரேக் ஆக்‌ஷன், ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டாதான். புது போல்ட் ஆக்‌ஷன் விலையில மூணுல ஒரு பங்குதான் கேக்குறார். விலையைக் கேட்டதும் சந்தோஷம் வந்துச்சு, கூடவே எதுக்கு இவ்வளவு கம்மியா தர்றாருன்னு பயமும் வந்துச்சு.

நான் பார்த்த வரைக்கும், முன்கட்டையைப் பிடிச்சு ஆட்டுனா லேசா ஆடுது, குழல் நுனிகிட்ட பழுப்பா துரு இருக்கு, பின்கட்டையில இரும்பும் மரமும் சேர்ற இடத்துல முடி மாதிரி ஒரு விரிசல், ட்ரிகர் ரொம்ப கனமா இழுக்குது. குழலுக்குள்ள விளக்கு வெளிச்சத்துல பார்த்தேன், பளபளன்னுதான் தெரிஞ்சுது. குழல் மேல 1871ன்னு பொறிச்சிருக்கு, அவர் அதைக் காட்டி இது நூறு வருஷத்துக்கு மேல பழசு, அந்தக் காலத்து இரும்புன்னு சொல்றார், அப்படின்னா இன்னைக்கு விக்கிற தோட்டாவை இதுல போட்டு அடிக்கலாமான்னே சந்தேகமா இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, எதை எதைப் பார்க்கணும், எதைப் பார்த்தா வேண்டாம்னு திரும்பி வந்துடணும்?

கொல்லுப்பட்டறை

தம்பி, முதல்ல அந்த 1871 விஷயத்தை முடிச்சிடுவோம். அது கம்பெனி ஆரம்பிச்ச வருஷம், பின்னாடி அதையே கம்பெனி பேரோட சேர்த்து குழல்ல பொறிச்சாங்க. .308 தோட்டாவே 1952லதான் வந்துச்சு, அதனால நூறு வருஷக் கதைக்கு வழியே இல்ல. அவர் தெரியாமத்தான் சொல்லியிருப்பார்னு வச்சுக்கலாம், ஆனா அவர் சொல்ற மத்த விஷயத்தையும் கையால தொட்டுப் பார்த்துட்டு நம்புங்க.

விலை கம்மியா இருக்குறதுல ஆச்சரியம் இல்ல. நிறைய பேருக்கு மேகசின் வேணும், ரெண்டாவது மூணாவது குண்டு வேணும், அதனால சிங்கிள் ஷாட்டுக்கு எப்பவுமே கிராக்கி கம்மி. அதோட 2015ல இந்த ரைஃபிளைத் தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்க. முன்னாடியெல்லாம் ரிசீவரை (குழல் மாட்டுற நடு இரும்புப் பகுதி) ஃபாக்டரிக்கு அனுப்பினா வேற கேலிபர் குழலை அதுக்குப் பொருத்தி அனுப்புவாங்க, இப்ப அந்த வசதி கிடையாது. இதனாலதான் நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் குழல் இந்த ரிசீவரோடயே வந்ததா இல்ல யாராவது வேற எங்கயோ வாங்கி மாட்டினதான்னு. பார்க்க மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கும், க்ளிக்னு மூடவும் செய்யும், ஆனா ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உக்கார்ற சேம்பர்ல அதுக்கு இருக்குற இட அளவு, சரியா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அதுவும் இந்தக் கம்பெனியில ஷாட்கன் ஃப்ரேம் (ரிசீவரைத்தான் சொல்றேன்) வேற, ரைஃபிள் ஃப்ரேம் வேற, ரைஃபிளுக்குன்னு இருக்குறது எஸ்பி2ன்னு சொல்ற ஃப்ரேம். .308 தோட்டாவோட அழுத்தத்துக்கு உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதை ஷாட்கன் ஃப்ரேம்ல மாட்டி அடிக்கிறது உயிரோட விளையாடுறது.

இப்ப முன்கட்டை ஆடுறதுக்கு வருவோம். கட்டை ஆடுதா, குழல் ஆடுதான்னு பிரிச்சுப் பார்க்கணும். ரைஃபிளைத் திறந்து சேம்பர் காலியான்னு கண்ணால பாருங்க, விரலை விட்டும் பாருங்க, அப்புறம் முன்கட்டை ஸ்க்ரூவைக் கழட்டிக் கட்டையைத் தனியா எடுத்து வச்சுட்டு, குழல் கழண்டு விழுந்துடாம கையால தாங்கிக்கிட்டே மூடுங்க. இப்ப ரிசீவரை ஒரு கையிலயும் குழலை ஒரு கையிலயும் பிடிச்சு மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் அசைச்சுப் பாருங்க. முன்கட்டை மாட்டியிருக்கும்போது அது கொடுக்குற இறுக்கம் தேய்மானத்தை மறைச்சிடும், கழட்டினாதான் கீல் பின்னும் பூட்டும் எப்படி இருக்குன்னு தெரியும். கட்டை இல்லாமலும் இறுக்கமா நின்னா ரொம்ப நல்லது, லொடலொடன்னு ஆடுனா விலையை இன்னும் பாதியாக் குறைச்சாலும் வேண்டாம்.

அடுத்து ஹெட்ஸ்பேஸ் கேஜ், தோட்டாவுக்குப் பதிலா சேம்பர்ல வச்சு மூடிப் பார்க்குற அளவுத் துண்டு. .308க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634 அங்குலம், ரெண்டுக்கும் நடுவுல மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் வித்தியாசம், அதைக் கண்ணால யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. கோ மேல மூடணும், நோ-கோ மேல மூடக்கூடாது, அழுத்தி மூட முயற்சி பண்ணவே கூடாது. கேஜ் கையில இல்லேன்னா ஒரு கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) எடுத்துட்டுப் போக விக்கிறவர் சம்மதிக்கிறாரான்னு கேளுங்க. விக்கிறவர் இதுக்குத் தயங்குனா அதுவே உங்களுக்குப் பதில்.

குழலை ரூம் விளக்குல பார்த்தது போதாது. எண்ணெய் தடவி வச்ச குழல் எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். காஞ்ச துணியை விட்டுத் துடைச்சுட்டு, சேம்பர் பக்கம் சின்ன டார்ச் வச்சு நுனியில இருந்து பாருங்க, அப்புறம் திருப்பி வச்சும் பாருங்க. குறுக்கால வளையம் மாதிரி ஒரு கறுப்பு நிழல் தெரிஞ்சா, எப்பவோ உள்ள ஏதோ அடைச்சிருக்கும்போது சுட்டு அந்த இடம் உப்பியிருக்கலாம். இன்னொரு வழி, இறுக்கமான துணியைக் கம்பியில வச்சு மெதுவா தள்ளுங்க, கைக்கு ஒரே சீரான எதிர்ப்பு தெரியணும், நடுவுல திடீர்னு லூசாகிப் போச்சுன்னா அங்கதான் கோளாறு. நுனியில கிரவுனை, அதாவது குண்டு வெளிய வர்ற வாய் விளிம்பை, நகக்கண்ணால தடவிப் பாருங்க, வெட்டு இருந்தா நகம் மாட்டும்.

பின்கட்டை விரிசல் சின்னதுதான்னா எப்பாக்ஸி போட்டு, கட்டையைப் பிடிச்சிருக்குற நீள போல்ட்டை இறுக்கினா பல வருஷம் தாங்கும். ட்ரிகர் கனமா இருக்குறது இந்த மாடலோட குணம், குறையில்ல. அதைத் தானே அரம் போட்டு இளக்கி வச்சிருக்குற ரைஃபிளைத்தான் நான் தொட மாட்டேன்.

வெள்ளைக்காக்கா

கொல்லுப்பட்டறை அண்ணன் சொன்னது எல்லாம் சரி, அதுல மாத்துக்கருத்து இல்ல, ஆனா முதல் வேட்டைக்குப் போற ஒருத்தருக்கு சிங்கிள் ஷாட்டை சொல்லலாமாங்கறதுல எனக்கு மனசு ஒப்பல. புதுசா போறவங்களுக்குக் கை நடுங்கும், மூச்சு வாங்கும், முதல் குண்டு கொஞ்சம் பின்னால தள்ளிப் பட்டுச்சுன்னா அந்த மிருகம் அடிபட்டபடியே ஓடும், அப்ப உடனே ரெண்டாவது குண்டு போட முடியாம நிக்கிறது வேட்டைக்காரனுக்கும் கஷ்டம், அந்த ஜீவனுக்கு அதைவிடக் கஷ்டம். அதே .308க்கு பழைய போல்ட் ஆக்‌ஷனும் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும், கொஞ்சம் கூடக் கொடுக்கணும், கொஞ்ச மாசம் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, .308 ரிம் (அடியில வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற விளிம்பு) இல்லாத தோட்டா. .30-30 மாதிரி ரிம் உள்ளதா இருந்தா பிரேக் ஆக்‌ஷன்ல சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை (கேஸ்) வெளிய இழுக்குற எக்ஸ்ட்ராக்டருக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். .308ல ஸ்ப்ரிங் வச்ச சின்ன நகம் மாதிரி ஒண்ணு பள்ளத்துல மாட்டித்தான் இழுக்கணும், சேம்பர் அழுக்கா இருந்தாலோ சொரசொரன்னு இருந்தாலோ அது நழுவிடும், காலி கேஸ் உள்ளயே உக்காந்துக்கும். காட்டுக்குள்ள அப்படி ஆச்சுன்னா அன்னைக்கு வேட்டை முடிஞ்சுது.

மான்தடம்

நான் பல வருஷமா சிங்கிள் ஷாட் மட்டும்தான் எடுத்துட்டுப் போறேன். வெள்ளைக்காக்கா சொல்ற பயம் நியாயமானது, ஆனா என் அனுபவத்துல அதுவே நல்ல பழக்கத்தைக் கொடுக்குது, ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சா தூரத்தைக் குறைக்கத் தோணும், சந்தேகமான கோணத்துல ட்ரிகர் பக்கம் விரலே போகாது. ரெண்டாவது தோட்டாவுக்குப் பின்கட்டையில ஒரு தோட்டா ஸ்லீவ் மாட்டிக்கோங்க, முகத்தை எடுக்காமலே கை அங்க போகப் பழகணும். சுட்டவுடனே, மிருகம் விழுந்தாலும் சரி விழாட்டியும் சரி, நின்ன இடத்துலயே மறுபடி லோட் பண்ணிட்டுத்தான் ஒரு அடி எடுத்து வைக்கணும். போல்ட் ஆக்‌ஷன்காரங்க நிறைய பேர் இதைச் செய்யறதில்ல.

கேஸ் சிக்குற பிரச்சனை நிஜம். ஆனா பெரும்பாலும் சேம்பரை நல்லா சுத்தம் பண்ணினாலே தீரும், இல்லேன்னா ஒரு கன்ஸ்மித் பாலிஷ் பண்ணிக் கொடுத்துடுவார். மடிச்சு வைக்கிற க்ளீனிங் ராட் ஒண்ணு பையில இருக்கட்டும்.

வேற யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்றேன். பிரேக் ஆக்‌ஷன்ல முன்கட்டை குழலோட நேரா சேர்ந்திருக்கு, அதனால அந்த ஒரு ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்குறீங்கங்கறதைப் பொறுத்து குண்டு போய்ப் படுற இடமே மாறும். நிறைய பேர் இந்த ரைஃபிளுக்குக் குறி நிக்கலன்னு வித்துடுறாங்க, பல நேரம் காரணம் இதுதான். அந்த ஸ்க்ரூ போற இடத்துல, கட்டைக்கும் குழல் அடியில இருக்குற லக்குக்கும் நடுவுல ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் வச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இறுக்குங்க. மேசையில வச்சு அடிக்கும்போது மணல் மூட்டை குழலுக்கு அடியில வேண்டாம், ரிசீவர்கிட்ட கீல் இருக்குற இடத்துல வையுங்க. சூடான குழல்ல விடாம அடிச்சுட்டு குரூப் (அட்டையில குண்டுகள் விழுந்த கூட்டம்) விரியுதுன்னு வருத்தப்படாதீங்க, ஆற விட்டு அடிங்க, வேட்டையில முக்கியம் ஆறிப்போன குழல்ல இருந்து போற அந்த முதல் குண்டுதான்.

தூக்கிட்டு நடக்க இது மாதிரி சுகம் வேற இல்ல. போல்ட் ஓடுறதுக்கு இடம் தேவையில்லாததால, அதே நீளக் குழல் உள்ள போல்ட் ஆக்‌ஷனை விட மொத்த நீளம் நல்லாவே கம்மியா இருக்கும், புதருக்குள்ள அது தெரியும்.

கானகன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவர்கிட்ட பேசினேன், மனுஷன் தங்கமானவர், கன்ஸ்மித்கிட்ட கூடவே வந்தார். முன்கட்டையைக் கழட்டிட்டு மூடிப் பார்த்தோம், குழல் அசையவே இல்ல, கட்டையில ஸ்க்ரூ துளைதான் அகலமாகி ஆடியிருக்கு. குழல் ரிசீவரோடயே வந்ததுதான்னு விக்கிறவர் சொன்னார், கோ கேஜ்ல மூடுச்சு, நோ-கோல மூடல. துணியை விட்டுத் தள்ளினப்ப கைக்கு சீரா இருந்துச்சு. ஆனா நுனியில கிரவுன்ல ஒரு பக்கம் வெட்டு இருக்கு, நகம் மாட்டுது, அதுக்கு உள்ள கொஞ்ச தூரம் மங்கலாவும் இருக்கு. அப்புறம் அவர் சம்மதத்தோட ரேஞ்சுல அடிச்சுப் பார்த்தோம், ஒரு கேஸ் மட்டும் சிக்குச்சு. காலி கேஸ்களைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன், அதுல என்ன பார்க்கணும்? கிரவுன் வெட்டுக்காக விலையை இன்னும் கொஞ்சம் குறைக்கிறேன்னும் சொல்லியிருக்கார்.

கொல்லுப்பட்டறை

கேஸை எடுத்து வச்சீங்க பாருங்க, சபாஷ். ப்ரைமரை (கேஸ் அடியில ஊசி அடிக்கிற வட்டம்) முதல்ல பாருங்க, ஊசிப் பள்ளம் நடுவுல இருக்கணும், ப்ரைமர் வெளிய தள்ளிக்கிட்டு நிக்கக் கூடாது. அப்புறம் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேல சுத்தி வர பளிச்சுன்னு ஒரு கோடு தெரியுதான்னு பாருங்க, அங்க பித்தளை இழுபட்டு மெலிஞ்சு போயிருந்தா அந்தக் கோடு விழும், அது இருந்தா எனக்குச் சொல்லுங்க, அதுவரை மேற்கொண்டு சுட வேண்டாம். கேஜ் சரியா இருக்குறதால அப்படி இருக்க வாய்ப்பு கம்மி. சிக்கின கேஸ் மேல கீறல் நீளவாக்குல இருந்தா சேம்பர் சொரசொரப்பு, பாலிஷ் போதும்.

கிரவுனை மறுபடி வெட்டுறது லேத்துல சின்ன வேலைதான், நுனிகிட்ட மங்கலா இருக்குற இடம் கொஞ்சம்தான்னா அதையும் சேர்த்துக் குறைச்சுடலாம், ஆனா உங்க சட்டத்துல குழலுக்குக் குறைஞ்சபட்ச நீளம் என்னன்னு பார்த்துட்டு வெட்டச் சொல்லுங்க. அவர் குறைக்கிறேன்னு சொன்ன தொகை இந்த வேலைக்குச் சரியாப் போகும்.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ரிசீவர்ல இருக்குற நம்பரும் அவர் லைசென்ஸ்ல பதிவான நம்பரும் ஒண்ணுதானான்னு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. நம்பர் இருக்குற இடத்துல சுரண்டின அடையாளமோ புதுசா கறுப்பு அடிச்ச மாதிரியோ தெரிஞ்சா அங்கயே நிறுத்திடுங்க. உங்க பேருக்கு மாத்துற வேலை முழுசா முடியற வரைக்கும் ரைஃபிள் அவர்கிட்டயே இருக்கட்டும்.

மான்தடம்

கிரவுன் வேலை முடிஞ்சதும் பழைய குறியை நம்பாதீங்க, முதல்ல கிட்டத்துல பெரிய அட்டை வச்சு ஆரம்பிச்சுத்தான் தூரம் போகணும். குரூப் எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க, ஓ-ரிங் வச்சும் வைக்காமலும் ரெண்டும்.